கேக்குக்கும் 180, ஸ்கேட்டுக்கும் 180! சின்ன ஓவனும் உங்கள் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் அடுப்புக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கட்டுரையை முடிக்கும்போது, நீங்கள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து உங்கள் வீட்டு ஓவனின் ஜாதகத்தையே கணித்திருப்பீர்கள். அதற்கு முன் ஒரு சொந்தக் கதை.

என் அக்கா குடும்பத்துடன் கனடாவில் டொராண்டோ அருகே இருக்கிறார். சமையலறை மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன் ஒன்றை வாங்கினார். ஊரிலிருந்து கொண்டு போன குறிப்பைப் பார்த்து, 180 என்று பட்டனை அழுத்தி கேக் வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்தும் மாவு கூழாகவே இருந்தது. காரணம் எளிது. குறிப்பில் இருந்தது செல்சியஸ். அந்த ஊர் ஓவன் காட்டியது பாரன்ஹீட். 180 டிகிரி பாரன்ஹீட் என்பது வெறும் 82 டிகிரி செல்சியஸ்தான். விஷயம் தெரிந்ததும் ஓவனில் இருந்த ஒரு பட்டனைத் தட்டி அலகைச் செல்சியஸுக்கு மாற்றினார். கேக் அருமையாக வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அவருடைய மகனுக்கு ஐஸ் ஹாக்கி விளையாடப் புதிய ஸ்கேட் வாங்கினார்கள். சூடாக்கினால் இளகி, காலின் வடிவத்திற்கு ஏற்பப் படியும் வகை. உடன் வந்த தாளில் 180 டிகிரி பாரன்ஹீட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பையன் 180 என்று அழுத்தினான். ஓவனோ செல்சியஸில் இருந்தது! சில நிமிடங்களில் வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். பிளக்கைப் பிடுங்கி, ஆற வைத்து எடுத்துப் பார்த்தால், குதிகாலுக்கு மேல் நிற்க வேண்டிய பாகம் துவண்டு சாய்ந்திருந்தது. அடிப்பாகத்தில் பசை விட்டுப் போயிருந்தது. பூட்டு குப்பைக்குப் போனது. அடுத்த வாரம் நடந்த அவனுடைய முதல் போட்டியை அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான்.

ஓவன் கெடவில்லை. ஸ்கேட் மட்டமானதும் இல்லை. அலகு இல்லாத எண்தான் காரணம். இது சமையலறையில் மட்டும் நடக்கும் தவறு என்று நினைக்க வேண்டாம். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்து போனது இதே வகைக் குழப்பத்தால்தான். ஒரு சாப்ட்வேர் பிரிட்டிஷ் அலகில் எண்ணைத் தந்தது. இன்னொன்று அதை மெட்ரிக் அலகு என்று எடுத்துக் கொண்டது. கம்ப்யூட்டர் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண் எதனுடையது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கேட்டை ஏன் சுட வேண்டும்?

ஐஸ் மீது ஓடும் ஸ்கேட், காலைச் சட்டை போல இறுக்கிப் பிடிக்க வேண்டும். குதிகால் உள்ளே சற்று ஆடினாலும் பிளேடு சொன்ன பேச்சைக் கேட்காது. கணுக்கால் எலும்பு உராய்ந்து புண்ணாகும். முன்பெல்லாம் தோல் பூட்டுகளை வாரக்கணக்கில் போட்டுப் பழக்கினார்கள். இன்று ஹாக்கி, பிகர் ஸ்கேட்டிங், ஸ்பீட் ஸ்கேட்டிங் என்று மூன்று பிரிவிலும் பல மாடல்கள் சூட்டில் இளகும் பொருள்களால் வருகின்றன. பாவர், சிசிஎம், ஜாக்சன், போன்ட் போன்ற பெயர்களில் இவற்றைக் காணலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஸ்கேட் விற்கும் கடைகளில் இதற்கென்றே சிறு ஓவன்கள் இருக்கின்றன. கடை தூரமாக இருப்பவர்கள் வீட்டு ஓவனிலேயே செய்து கொள்கிறார்கள்.

நம் நாட்டிலும் இது தேவைப்படுகிறது. லடாக்கில் உறைந்த குளங்களில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். சிம்லாவில் திறந்தவெளி ஐஸ் ரிங்க் நெடுங்காலமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐஸ் இல்லாவிட்டாலும் சக்கர ஸ்கேட் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் ஆயிரம் மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்றார். அது சக்கரத்தில் ஓடும் போட்டி. அந்தப் பிரிவுக்கான பூட்டுகளிலும் சூட்டில் இளகும் வகைகள் உண்டு. எனவே இந்த விஷயம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும்.

எதற்கு எவ்வளவு சூடு?

எல்லாவற்றையும் செல்சியஸில் தருகிறேன்.

* ஸ்பீட் ஸ்கேட் பூட்டுகளில் சில: 70 டிகிரி அளவில்
* ஹாக்கி ஸ்கேட்டுகள்: பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி
* கேக்: 160 முதல் 180 வரை
* ரொட்டி: 200 முதல் 220 வரை
* பீட்சா: ஓவன் தரக்கூடிய அதிகபட்ச சூடு

இந்தப் பட்டியலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கேக்கில் 15 டிகிரி முன்னே பின்னே போனால் மேல்பக்கம் கொஞ்சம் சிவக்கும், அல்லது ஐந்து நிமிடம் கூடுதலாகும். சாப்பிட்டுவிடலாம். ஸ்கேட்டில் 15 டிகிரி குறைந்தால் பூட்டு இளகாது. கூடினால் உள்ளே இருக்கும் பசையும் நுரைப் பஞ்சும் கெடும். சின்ன ஓவன்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

டயல் சொல்வது உண்மையா?

நம் ஊரில் ஓடிஜி என்ற பெயரில் விற்கும் ஓவன்களில் மேலும் கீழும் சூடாகும் கம்பிகள் இருக்கும். அவற்றைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இரட்டை உலோகத் தகடு. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை அது. சூடானால் ஒரு உலோகம் அதிகமாக நீளும்; பட்டை வளையும்; மின் இணைப்பு துண்டிக்கப்படும். ஆறினால் பட்டை நிமிரும்; இணைப்பு திரும்பக் கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல். மின்சாரம் நின்ற பிறகும் கம்பி உடனே ஆறாது. செந்தணலாக இருக்கும் கம்பி, தன்னிடம் உள்ள சூட்டைக் கொட்டிக் கொண்டே இருக்கும். எனவே உள்ளே சூடு குறித்த அளவைத் தாண்டி ஏறும். பிறகு குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால்தான் தகடு மறுபடி இணைக்கும். டயல் 100 என்று காட்டினாலும் உள்ளே சூடு ஊஞ்சல் ஆடுகிறது என்பதே உண்மை. ஓவன் சிறியதாக இருந்தால் ஊஞ்சல் பெரிதாக ஆடும். உள்ளே காற்று குறைவு, சுவர் மெல்லியது, கம்பி பக்கத்திலேயே இருக்கிறது அல்லவா!

இன்னொன்று. சில ஓடிஜிகளில் டயல் 100 டிகிரியில்தான் தொடங்கும். 80 டிகிரி வேண்டுமானால் எங்கே வைப்பது? ஊகித்து வைத்தால் என் அக்கா மகன் கதைதான்.

ஓவனின் ஜாதகம் கணிப்போம்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். தேவையானவை மூன்று. ஓவனுக்கான தெர்மாமீட்டர், கடிகாரம், எக்ஸெல். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

தெர்மாமீட்டர் என்றதும் காய்ச்சல் பார்ப்பதை எடுத்துவிடாதீர்கள். அது வெடித்துவிடும். ஓவனுக்குள் வைக்கும் வட்ட முக மீட்டரை வாங்கலாம். சில மல்டிமீட்டர்களுடன் வரும் தெர்மோகப்பிள் ஒயரையும் பயன்படுத்தலாம். அந்த ஒயரின் மேலுறை எவ்வளவு சூடு தாங்கும் என்பதை முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

தெர்மோகப்பிள் முனையை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் காட்டுங்கள். சென்னையில் என்றால் 100 டிகிரியை ஒட்டி வர வேண்டும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மலையில் இருப்பவர்கள் மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

இனி வேலையைத் தொடங்கலாம்.

1. எக்ஸெல் திறந்து முதல் வரிசையில் ஏ1 செல்லில் "நிமிடம்", பி1 செல்லில் "செல்சியஸ்", சி1 செல்லில் "பாரன்ஹீட்" என டைப் செய்திடவும். அலகைத் தலைப்பிலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

2. தெர்மாமீட்டரை ஓவனின் நடுத் தட்டில், கம்பிகளைத் தொடாமல் வைக்கவும். டயலை 100-க்குத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்கவும்.

3. ஒவ்வொரு நிமிடமும் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைப் பி காலத்தில் எழுதவும். நாற்பது நிமிடம் தொடரவும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் படிக்க, ஒருவர் டைப் செய்யலாம்.

4. சி2 செல்லில் சமன் குறி இட்டு, பி2 செல்லை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32 கூட்டும் பார்முலாவை அமைக்கவும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. என்டர் தட்டியதும் பாரன்ஹீட் எண் கிடைக்கும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிக்கும் பார்முலா பரவிவிடும்.

5. ஏ, பி ஆகிய இரு காலங்களையும் தேர்வு செய்து, இன்சர்ட் பிரிவில் சார்ட் சென்று, ஸ்கேட்டர் வகையில் கோடு உள்ள படத்தைக் கிளிக் செய்திடவும்.

திரையில் மலை ஏறி இறங்குவது போன்ற கோடு தெரிகிறதா? அதுதான் உங்கள் ஓவனின் ஜாதகம். காலியான ஒரு செல்லில் மேக்ஸ், இன்னொன்றில் மின், மற்றொன்றில் ஆவரேஜ் என்னும் பங்ஷன்களைப் போட்டால் அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி மூன்றும் கிடைக்கும்.

என் வீட்டு ஓவனில் இதைச் செய்து பார்த்தேன். டயலில் 100 வைத்திருந்தேன். முதல் ஏற்றம் 131 வரை போனது! பிறகு 88-க்கும் 112-க்கும் இடையே ஆடிக் கொண்டிருந்தது. இருபது நிமிடத்திற்குப் பிந்தைய சராசரி சரியாக 100. சராசரியை மட்டும் பார்த்தால் ஓவன் உத்தமமானது. ஆனால் முதல் பத்து நிமிடத்தில் ஸ்கேட்டை உள்ளே வைத்திருந்தால் 131 டிகிரியில் வெந்திருக்கும். சராசரியை நம்பி ஏமாறக் கூடாது, வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

ஊஞ்சலை அடக்கும் வழிகள்

ஓவனின் கீழ்த் தட்டில் கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்றை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். கனமான இரும்பு சூட்டை வாங்கி வைத்துக் கொண்டு மெல்லத் திருப்பித் தரும். ஊஞ்சல் குறையும்.

ஓவனை அரை மணி நேரம் ஓடவிட்டு, கோடு நிதானத்திற்கு வந்த பிறகே பொருளை உள்ளே வைக்கவும். கேக் செய்பவர்களுக்கு இதில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் கம்ப்யூட்டர் வழி இருக்கிறது. டிஜிட்டல் கட்டுப்பாடு உள்ள ஓவன்கள் சிலவற்றில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப் சூட்டை அளந்து கொண்டே இருக்கும். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இதுவரை எவ்வளவு தவறியிருக்கிறோம், எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்ற மூன்றையும் கணக்கிட்டு மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். இந்த முறைக்குப் பிஐடி என்று பெயர். சிக்னல் சிவப்பாக இருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் டிரைவர் போல. இதன் கணித விளக்கத்தை 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானாகத் திருப்பும் கருவிக்காக எழுதினார். இன்று அதே கணக்கு சமையலறை வரை வந்துவிட்டது.

உங்கள் கம்ப்யூட்டரின் உள்ளேயும் இது போன்ற காவல் நடக்கிறது. பிராசசர் சூட்டை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்ப மின்விசிறி வேகம் கூடிக் குறைகிறது. பெரிய கேம் ஒன்றைத் திறந்ததும் சிபியு பெட்டி இரைவது இதனால்தான்.

கேக் வைப்பவர்களுக்கு

டின்னை நடுத் தட்டில் வையுங்கள். டின்னுக்கும் மேல் கம்பிக்கும் நல்ல இடைவெளி இருக்கட்டும். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்து உள்ளே வேகாமல் இருந்தால், அலுமினியத் தாளைக் கம்பியில் படாமல் மேலே மூடலாம். மாவு எழும்பி நிலைக்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம். சின்ன ஓவனில் ஒருமுறை கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சூடான காற்றில் பெரும்பகுதி ஓடிவிடும். சந்தேகம் இருந்தால் திறந்து மூடி, அதையும் எக்ஸெலில் எழுதிப் பாருங்கள். கோடு கிணற்றில் விழுந்தது போல இறங்கும்.

ஸ்கேட் வைப்பவர்களுக்கு

முதல் கேள்வி, உங்கள் ஸ்கேட் சூட்டில் இளகும் வகைதானா? விளையாட்டாக ஓடுவதற்கான மலிவான மாடல்கள் பலவும் பழைய தோல் பூட்டுகளும் அந்த வகை இல்லை. உடன் வந்த தாளில் அனுமதி இல்லையென்றால் ஓவன் பக்கமே போகாதீர்கள். தாளில் உள்ள சூடும் நேரமும்தான் சட்டம். இங்கே நான் தந்துள்ள எண்கள் ஒரு அறிமுகத்திற்கே.

1. பிளேடு உறையைக் கழற்றவும். உள்தாள் பற்றித் தாளில் சொன்னபடி செய்திடவும். நாடாவை நன்றாகத் தளர்த்தவும்.

2. ஸ்கேட் கம்பிகளுக்குப் பக்கத்தில் வராமல் உள்ளே நிற்குமா என்று, ஓவன் ஆறியிருக்கும்போதே வைத்துப் பார்க்கவும். சின்ன ஓவனில் பல ஸ்கேட்டுகள் நிற்காது. அப்படியானால் முயற்சியை அங்கேயே நிறுத்திவிடவும். காற்று 80 டிகிரியில் இருந்தாலும், சிவந்த கம்பிக்கு அருகே இருக்கும் பிளாஸ்டிக் அதைவிடப் பல மடங்கு சூட்டை வாங்கும். சில நிறுவனங்கள் ஓவனைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, அதன் பிறகே பூட்டை வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

3. ஒரு நேரத்தில் ஒரு ஸ்கேட் மட்டும். ஓவனை விட்டு நகரக் கூடாது.

4. கையுறை போட்டு எடுக்கவும். உள்ளே பெரியவர் ஒருவர் கை வைத்துப் பார்த்து, தாங்கும் சூடு என்று உறுதி செய்த பிறகே பிள்ளையின் காலை விடவும். நாடா கோக்கும் உலோக வளையங்கள் தோலைச் சுடும். கவனம்.

5. மெல்லிய சாக்ஸ் அணிந்து காலை நுழைத்து, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி நாடாவைக் கட்டவும். பக்கவாட்டில் பலமாக இழுத்தால் இளகிய பூட்டிலிருந்து வளையங்கள் பிய்ந்து வரலாம்.

6. நாற்காலியில் அசையாமல் கால் மணி நேரம் உட்காரவும். எழுந்து நிற்கவோ நடக்கவோ கூடாது. ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டுப் பிறகு ஓடலாம்.

கிராபிக்ஸ் கார்டைச் சுடலாமா?

செயலிழந்த கிராபிக்ஸ் கார்டை ஓவனில் வைத்து எடுத்தால் உயிர் வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சில நேரம் கார்டு சில நாள் வேலை செய்வதும் உண்மை. ஆனால் ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரியிலும், இன்றைய ஈயமில்லா சால்டர் 217 டிகிரிக்கு மேலும்தான் உருகும். அந்தச் சூட்டில் கெபாசிட்டர்களும் பிளாஸ்டிக் இணைப்புகளும் கெடும். பல கார்டுகளில் கோளாறு சிப்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்புகளில் இருப்பதால், கிடைக்கும் பலனும் தற்காலிகமே. எல்லாவற்றையும் விட, வரும் புகை உணவுக்கு ஆகாது. ஒருமுறை சர்க்யூட் போர்டு வைத்த ஓவனில் அதன் பிறகு கேக் வைக்கக் கூடாது. ஆசைப்பட்டு முயல்பவர்கள் அதற்கென்று தனி ஓவன் வைத்துக் கொள்ள வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

1500 வாட் ஓவன், 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகாதீர்கள். பவர் பிளக் எனப்படும் 16 ஆம்பியர் இணைப்பே வேண்டும். எழுதுவதற்கு வசதி என்று கம்ப்யூட்டரை அருகே கொண்டு போய், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வாங்கிய யூபிஎஸ்ஸில் ஓவனைச் செருகுவது அதைவிட மோசம். வீட்டு யூபிஎஸ் சில நூறு வாட்டுக்கு மட்டுமே ஆனது. காகிதத்தில் எழுதி வந்து பிறகு டைப் செய்தால் போதும்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு மறுபடி ஸ்கேட் வாங்கினார்கள். இம்முறை அவன் எனக்கு ஒரு எக்ஸெல் பைல் அனுப்பினான். நாற்பது வரிகள், ஒரு வரைபடம். "மாமா, எங்கள் ஓவன் முதல் ஏற்றத்தில் 27 டிகிரி தாண்டுகிறது. அதனால் கடைக்கே எடுத்துப் போய் அங்குள்ள ஓவனில் செய்து கொண்டோம்" என்று எழுதியிருந்தான். அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுப்பதும் கம்ப்யூட்டர் தரும் பலன்தான். பைலின் தலைப்பு வரியைப் பார்த்தேன். ஒவ்வொரு காலத்திலும் அலகு எழுதியிருந்தது.